நாவுக்கு வழி தெரியாதபோது

விசயதசமிக் காலை. விறாந்தையில் பாய் விரித்து, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றியாயிற்று. தாம்பாளத்திலே பச்சையரிசி பரப்பியிருக்கிறது. நான்கு வயதுப் பாலகன் ஒருவன் பட்டு வேட்டி உடுத்துப் பாட்டனாரின் மடியில் அமர்ந்து ஏடு தொடக்குகிறான். குருக்கள் அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் அகரத்தை எழுதுவிக்கிறார்.

"அ எண்டு சொல்லு, ராசா."

பிள்ளை வாயைத் திறக்கிறான். உதடுகள் குவிகின்றன, பின் விரிகின்றன, நா எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் அசைகின்றது. சற்று நேரத்தின் பின் "அ" என்ற ஒலி தெளிவாகவே பிறக்கின்றது. எல்லார் முகமும் மலர்கின்றது. "இன்னொருக்கால் சொல்லு" என்கிறார் குருக்கள். இம்முறை வருவது "ம்" என்னும் ஒரு முனகல் மாத்திரமே. மூன்றாம் முறை அதுவும் இல்லை. பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறான்; கண்கள் கலங்குகின்றன.

"பிந்திக் கதைக்கிற பிள்ளை. தேப்பனும் நாலு வயசிலைதானே வாய் திறந்தவன்" என்று அம்மம்மா சமாதானஞ் சொல்கிறார். "ஒருக்கால் வந்தது பிறகேன் வரேல்லை? பிடிவாதம்" என்கிறார் மாமனார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் இருக்கும் வாளியை எடுத்து வா என்றால் எடுத்து வருபவன் அவன். கோயிலுக்குப் போவோம் என்றால் செருப்பைத் தேடுபவன். அவனுக்கு எல்லாம் விளங்கும் என்பது அவளுக்குத் தெரியும். விளங்கும் பிள்ளைக்குச் சொல் ஏன் வரவில்லை என்பதே அவளுக்குத் தெரியாதது.

இது கற்பனைக் காட்சியே. ஆயினும் குடாநாட்டின் எந்த ஊரிலும் இது நிகழக்கூடும். மேல்நாட்டு அறிஞரின் மதிப்பீட்டின்படி, ஆயிரம் பிள்ளைகளில் ஒருவர் அல்லது இருவர் இத்தகைய குறையுடன் வளர்கின்றனர். மூளையில் இரத்தோட்டம் தடைப்பட்டுப் பாரிசவாதத்துக்கு ஆளாகும் முதியோரிற் சிலருக்கும் இதே குறை ஒரே நாளில் வந்து சேர்கின்றது. வைத்தியர் இதனைப் 'பேச்சு அப்பிராக்சியா' என்பர். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. இக்கட்டுரையின் அளவில் 'சொல்லியக்கக் குறை' என்று வழங்குவோம்.

இடமும் முயற்சியும்

இக்குறையை விளங்கிக்கொள்ள வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம் இலக்கண நூல்களிலேயே அதற்கான வாயில் திறந்திருக்கின்றது. எழுத்தொலிகள் எங்ஙனம் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்னும் ஓர் இயலிலே வகுத்துரைத்தார். பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் அதனைச் சுருக்கித் தந்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தவர். அவ்வழியே நம் முன்னோர் பலர் திண்ணைப் பள்ளியில் இதனை மனனஞ் செய்தனர். உயிரினது முயற்சியால் உள்ளிருந்து காற்று எழுகின்றது. அது மார்பு, கழுத்து, தலை, மூக்கு என்னும் இடங்களைப் பொருந்துகின்றது. இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகின்றது. இதுவே அவர் கூறும் முறை. உரைகாரர் இதனை இடப்பிறப்பு என்றும் முயற்சிப்பிறப்பு என்றும் இரண்டாகப் பகுத்தனர்.

பிறக்கும் இடம் வேறு, பிறப்பிக்கும் முயற்சி வேறு என்ற இப்பகுப்பு நம் பொருளுக்குப் பெரிதும் உதவுவது. சொல்லியக்கக் குறை உள்ளவரிடத்தில் இடங்கள் யாவும் செவ்வனே இருக்கின்றன. நா தளர்ந்துவிடவில்லை; உதடு மரத்துவிடவில்லை. சோறு மெல்லவும், ஐஸ்கிறீமை நக்கவும், சிரிக்கவும் அவரால் இயலும். சொல்ல வேண்டியது இன்னதென்பதும் உள்ளத்திலே தெளிவாக இருக்கின்றது. இரண்டுக்கும் நடுவே, எந்த உறுப்பை எப்போது, எவ்வளவு, எந்த வரிசையில் அசைப்பது என்று மூளை வகுக்கும் திட்டமே குழம்புகின்றது. முயற்சி உண்டு, அது செல்லும் வழிதான் தவறுகின்றது.

'பட்டம்' என்ற எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். தைப்பொங்கற் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டத்தைக் கண்டு குழந்தைகள் கூவும் சொல் அது. முதலில் இரு இதழும் பொருந்திப் பிரிய வேண்டும். உடனே வாய் திறந்து அகரம் ஒலிக்க வேண்டும். அடுத்து நாநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டு, ஒற்றுக்குரிய காலம்வரை அங்கே நின்று விலக வேண்டும். மறுபடியும் அகரம். முடிவில் இதழ்கள் மூட, உள்நாக்குப் பக்கம் உள்ள மெல்லண்ணம் தாழ்ந்து மூக்கின் வழி காற்றை விட வேண்டும். இத்தனையும் ஒரு விநாடிக்குள் நடந்தேறுகின்றன. நாம் எண்ணிச் செய்வதில்லை. மழலைப் பருவத்திலே ஆயிரமாயிரம் முறை பழகிய பழக்கம் நமக்காகச் செய்துவிடுகின்றது. அந்தப் பழக்கம் படியாத பிள்ளை 'பட்டம்' என்பதை இப்போது 'பத்தம்' என்பான், அடுத்த கணம் 'மட்டம்' என்பான், பிறகு 'ப... அம்' என்று பிளந்து சொல்வான்.

பாரிசிலிருந்து ஒரு கதை

இக்குறையை அறிவுலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது. பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ஞ் என்னும் ஒருவர் இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது 'தான், தான்' என்ற ஓரசையே. அதனால் 'தான்' என்பதே அங்கு அவர் பெயராயிற்று. ஆயினும் பிறர் சொல்வது அவருக்கு விளங்கிற்று. எண்ணைப் பற்றிக் கேட்டால் விரல்களை விரித்தும் மடக்கியும் விடை காட்டுவார். கோபம் மிஞ்சியபோது மாத்திரம் ஒரு வசைச்சொல் முழுதாகத் தெறித்து விழும். அடுத்த கணம் அதைத் திரும்பச் சொல்ல அவரால் இயலாது.

1861ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தமது ஐம்பத்தோராம் வயதில் அவர் காலமானார். சத்திர வைத்தியரான போல் புரோக்கா அவர் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். புரோக்கா அன்று செய்த விளக்கம் இன்றும் வியக்கத்தக்கது. மறைந்துபோனது மொழியறிவு அன்று. சொற்களின் நினைவும் அன்று. நாவை இயக்கும் நரம்பின் வலிமையும் அன்று. சொல்லொலிக்கு வேண்டிய அசைவுகளை ஒருங்கிணைக்கும் ஆற்றலே என்றார் அவர். நம் இலக்கணகாரர் மொழியில் சொன்னால், இடம் இருந்தும் முயற்சிப்பிறப்புக் கெட்டது எனலாம். அந்த மூளை பாரிசில் பேணி வைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஆய்வாளர் அதனைக் காந்த அதிர்வுப் படக் கருவியால் நோக்கி, சிதைவு புரோக்கா கண்டதிலும் ஆழமாகச் சென்றிருந்ததை வெளியிட்டனர். ஆகவே மூளையின் ஒரு சிறு மேட்டில் மாத்திரமே பேச்சு தங்கியிருக்கின்றது என்று எண்ணுதல் பொருந்தாது. பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளும் சேர்ந்து செய்யும் காரியம் அது.

ஜெர்மானிய வைத்தியர் ஹியூகோ லீப்மன் 1900ஆம் ஆண்டில், கைகால்களிலும் இதுபோன்ற குறை உண்டென்று காட்டினார். வலிமை குன்றாத கை, வேண்டியபோது வேண்டிய தொழிலைச் செய்ய மறுப்பதே அது. அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த பிரடெரிக் டார்லி 1960களின் இறுதியில் அந்தக் கருத்தைப் பேச்சுக்குப் பொருத்தி, இன்று வழங்கும் பெயரை நிலைநாட்டினார். பிள்ளைகளிடத்தும் இது பிறவியிலேயே காணப்படுவதை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மியூரியல் மோர்லி ஆராய்ந்து 1957இல் நூலாக வெளியிட்டார். இலண்டனில் மூன்று தலைமுறையாக ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இக்குறை இருந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தோர், அதற்குக் காரணமான மரபணுவை 2001இல் கண்டறிந்தனர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே மரபணுதான் காரணம் என்பதில்லை. பலருக்குக் காரணம் புலப்படுவதேயில்லை. ஆனால் ஒன்று உறுதியாயிற்று. தாய் கதை சொல்லி வளர்க்காததாலோ, செல்லம் கொடுத்ததாலோ வருவதன்று இக்குறை.

பிள்ளையில் காணும் அடையாளங்கள்

பிந்திக் கதைக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் இக்குறை உண்டென்று அஞ்ச வேண்டாம். அம்மம்மா சொல்வதுபோலத் தாமாகவே வாய் திறந்து, ஓராண்டுக்குள் ஊரையே கதையால் நிறைத்துவிடும் பிள்ளைகள் பலர். மூன்று வயதுக்கு முன் சொல்லியக்கக் குறை என்று துணிந்து சொல்லத் தேர்ந்தவர்களும் தயங்குவர். முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். கேளாத பிள்ளை கதைக்காததில் வியப்பில்லை.

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புல வல்லுநர் சங்கம் 2007இல் மூன்று அடையாளங்களை முதன்மையாகக் கூறிற்று. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது பிழை ஒருபடித்தாக இராமல் மாறிக்கொண்டேயிருத்தல் முதலாவது. ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்குச் செல்லும் இடைவழி நீண்டும் அறுந்தும் போதல் இரண்டாவது. பேச்சின் ஏற்ற இறக்கமும் நடையும் பொருந்தாதிருத்தல் மூன்றாவது. சாதாரண மழலை இவ்வாறன்று. 'ரயில்' என்பதை 'லயில்' என்னும் பிள்ளை, காலையிலும் மாலையிலும் 'லயில்' என்றே சொல்லும். அது வளர வளரத் திருந்தும். திருந்தாவிடினும் திருத்துதல் எளிது.

இவற்றைத் தமிழ்ப் பிள்ளையிடம் தேடும்போது நம் மொழியின் இயல்பை மறத்தல் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பது பொருளைத் தாங்கும். அந்நாட்டுச் சோதனைகள் அதனையே பெரிதும் நோக்குகின்றன. தமிழுக்கு அத்தகைய அழுத்தம் இல்லை. நமக்கு மாத்திரையே உயிர். குறில் நீண்டால் 'பல்' 'பால்' ஆகும். 'கல்' 'கால்' ஆகும். ஒற்றுக் குறைந்தால் 'பட்டு' 'படு' ஆகும். இக்குறையுள்ளோர் ஒலிகளை நீட்டியும் அறுத்தும் சொல்வது இயல்பு. ஆகவே ஆங்கிலப் பிள்ளைக்கு வெறும் தடுமாற்றமாகத் தோன்றுவது, தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லையே மாற்றிவிடும். "பல் நோகுது" என்று சொல்ல முயலும் பிள்ளையின் கையில் பால் கொடுக்கப்படுகின்றது. அவன் தட்டிவிட்டால் முரடன் என்ற பெயர் மிஞ்சுகின்றது.

முதியோருக்கு நேர்வது

இனி மற்றொரு வீட்டைப் பார்ப்போம். வட்டுக்கோட்டையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். நாற்பது வருடம் வகுப்பறையை ஆண்ட குரல் அவருடையது. ஒரு விடியற்காலை எழும்பும்போது வலக்கை தளர்ந்திருக்கின்றது; வாய் சற்றே கோணியிருக்கின்றது. வைத்தியசாலையில் உயிர் காப்பாற்றப்படுகின்றது. கையும் காலும் மெல்ல மெல்லத் தேறுகின்றன. ஆனால் 'தண்ணீர்' என்று சொல்ல முயன்றால் 'த... ன... தல்... ணன்' என்று தடவித் திரிகிறார். பிழை தமக்கே தெரிகின்றது. தலையை அசைத்து மறுத்து மீண்டும் தொடங்குகிறார், மீண்டும் தவறுகிறார்.

அன்று மாலை வீட்டுச் சாமியறையில் பேரப்பிள்ளைகள் தேவாரம் ஓதுகின்றனர். ஆசிரியரின் வாயும் அவர்களோடு அசைகின்றது. இரண்டு அடி பிழையின்றி வருகின்றது. வீட்டார் திகைக்கின்றனர். "தேவாரம் பாட வருது, எங்களோடை கதைக்க மட்டும் வரேல்லையோ?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். அந்தச் சொல் ஆசிரியரின் நெஞ்சில் எங்ஙனம் தைத்திருக்கும்!

அவர் நடிக்கவில்லை. ஆயிரம் முறை ஓதிப் பழகிய பாட்டு, வாழ்த்து, ஒன்று இரண்டு எண்ணுதல், திடீரெனத் தெறிக்கும் வசை ஆகியன மூளையில் ஒரே தொடராகப் படிந்து கிடப்பவை. தாமே புரண்டு வந்துவிடும். புதிதாக ஒன்றை எண்ணித் தாமே தொகுத்துச் சொல்வதற்குத்தான் அந்தப் பழுதுபட்ட திட்டம் தேவை. பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ஞ் உதிர்த்த வசைச்சொல்லும் இந்த வகையதே.

பாரிசவாதத்தின் பின் பேச்சுக் கெடுதல் மூன்று விதமாக நேரலாம். ஒருவருக்கே மூன்றும் கலந்து வருதலும் உண்டு. நாவும் உதடும் தளர்ந்து பேச்சுக் குழறுவது ஒன்று. அங்கே பிழை பெரும்பாலும் ஒரே தன்மையாய் இருக்கும், விழுங்குவதும் கடினமாகலாம். சொல்லே நினைவில் எழாமை, அல்லது பிறர் சொல்வது விளங்காமை மற்றொன்று. மூன்றாவது நாம் பேசும் சொல்லியக்கக் குறை. மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறாதலின், "கதை போயிட்டுது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடல் ஆகாது. பாரிசவாதம் ஏதுமின்றி, பேச்சு மாத்திரம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தடுமாறி வருமாயின் அதுவும் நரம்பு வைத்தியருக்குக் காட்ட வேண்டிய காரியம். மூளை படிப்படியாகத் தேயும் ஒரு நோயின் முதற்குறியாக அது இருக்கலாம்.

மருந்தாவது பழக்கமே

இக்குறைக்குக் குளிசை இல்லை. சத்திர சிகிச்சையும் இல்லை. பழக்கமே மருந்து. ஆனால் எத்தகைய பழக்கம் என்பதே கேள்வி.

இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் பழகும் சிறுவனைப் பாருங்கள். முதல் நாளே அவன் கையில் துரிதகாலம் கொடுக்கப்படுவதில்லை. குரு ஒரு சிறு சொற்கட்டை வாயாற் சொல்லித் தட்டிக் காட்டுவார். சீடன் பார்த்து, கேட்டு, குருவோடு கூடவே தட்டுவான். முதலில் விளம்பகாலம். பிழைத்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். கை படிந்தபின் சீடனைத் தனியே தட்ட விடுவார். பின்னரே காலம் ஏறும்; பின்னரே ஒரு சொற்கட்டு மற்றதோடு பிணையும். பேச்சுச் சிகிச்சையாளர் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

பிள்ளைக்கு ஐந்தாறு சொற்களையே முதலிலே தேர்வர். அவை பிள்ளைக்கு வேண்டிய சொற்களாக இருத்தல் வேண்டும். 'வா', 'தா', 'அம்மா', 'பால்', 'போவம்' என்பன போல. "என்னைப் பார்; நான் சொல்வதைக் கேள்; என்னோடு சேர்ந்து சொல்" என்பது முதற்படி. இருவரும் ஒரே நேரத்தில், மெதுவாக, ஒலியை அறுக்காமல் நீட்டிச் சொல்வர். தேவையானால் பிள்ளையின் உதட்டையோ தாடையையோ விரலால் தொட்டு அசைவைக் குறித்துக் காட்டுவர். அடுத்த படியில் சிகிச்சையாளர் சொல்லி முடிக்க, பிள்ளை சொல்லும். அதற்கடுத்து, சற்று இடைவெளி விட்டுச் சொல்லும். இறுதியில் கேட்ட கேள்விக்கு விடையாகத் தானே சொல்லும். பிள்ளை தடுமாறினால் ஒரு படி இறங்குவர். தேறினால் ஒரு படி ஏறுவர். முதலில் ஒவ்வொரு முறையும் சரி பிழை சொல்வர். போகப்போக அதைக் குறைத்துப் பிள்ளையின் செவியையே அதற்கு நடுவராக்குவர். தனி ஒலிகளை மாத்திரம் பழக்குவதிற் பயன் குறைவு. ஒலியிலிருந்து ஒலிக்குத் தாவும் இடைவழிதானே பழுதுற்றிருப்பது?

அமெரிக்காவில் ரோசன்பெக் என்பவரும் உடன் ஆய்வாளரும் 1973இல் முதியோருக்கென எட்டுப் படிகளை வகுத்த முறையும் இதே அடிப்படையில் எழுந்ததே. அதே 1973இல் பொஸ்டன் நகர ஆய்வாளர் மற்றொரு வழியை வெளியிட்டனர். அன்றாட வாக்கியங்களை இரண்டே சுரத்தில் இசைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவித்து, பின் படிப்படியாக இசையைக் குறைத்துப் பேச்சாக்கும் முறை அது. தேவாரம் பாட வரும் ஆசிரியருக்கு இது நம்பிக்கை தருவது. ஆனால் தேவாரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவதனால் மாத்திரம் 'தண்ணீர்' வந்துவிடாது. தண்ணீர் வேண்டும் என்ற வாக்கியத்தையே இசையில் ஏற்றி, பின் இசையிலிருந்து இறக்க வேண்டும். இம்முறை சொல்லிழப்பு நோயாளருக்கென்றே எழுந்தது. எல்லாருக்கும் ஒரே அளவிற் பயன்படும் என்றும் சொல்வதற்கில்லை.

இவை வெறும் நம்பிக்கையல்ல என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலையை அறியாதார் நம்மிடையே இல்லை. இலண்டனிலும் அதே பெயர் தாங்கிய செவிப்புல, பேச்சு நிலையம் ஒன்று உண்டு. இக்குறையுள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி முறை ஒன்றை அது வகுத்தது. சிட்னி நகரில், அசைகளை விரைந்து இணைக்கப் பழக்கும் வேறொரு முறை வகுக்கப்பட்டது. நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 26 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட சிட்னி ஆய்வு 2015இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம், கிழமைக்கு நான்கு நாள், மூன்று கிழமை; இவ்வளவே பயிற்சி. இரு பிரிவினரும் முன்னேறினர். நான்கு மாதங்களின் பின்பும் பயன் நன்கு நிலைத்தது சிட்னி முறையிலே. சிறிய ஆய்வுதான், ஆயினும் அடுத்தடுத்து நெருக்கமாகச் செய்யும் பயிற்சி பலிக்கும் என்பதை அது காட்டிற்று. மாதம் ஒருமுறை வைத்தியசாலைக்குப் போய் வருவதோடு நிற்பது மாதம் ஒருமுறை தவில் தட்டுவது போலாகும்.

வீட்டார் அறிய வேண்டியவை

ஆகவே பெரும்பாகம் வீட்டிலேதான் நடக்கவேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், குளிக்க வார்க்கும்போதும் சோறு தீத்தும்போதும் அதே ஐந்து சொற்கள். விளையாட்டாகச் செய்ய வேண்டும். "சொன்னால்தான் தருவன்" என்று பண்டத்தைப் பிடித்து வைத்தல் தகாது; முடவனைப் பார்த்து ஓடினால்தான் தருவேன் என்பது போன்றது அது.

வசம்பைச் சுட்டு நாவில் தடவும் வழக்கம் நம்மிடம் பழையது. அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் பெயருண்டு. அது இக்குறையைத் தீர்க்காது. இளங்குழந்தைக்குத் தீங்கும் செய்யலாம். நாக்குக் கட்டியிருக்கிறதென்று நாவடியை வெட்டுவிப்பதும் இதற்கு மருந்தன்று. கட்டுப்பட்டது நாவன்று என்பதை மேலே கண்டோம். ஊதுகுழல் ஊதுதல், நாக்கை நீட்டி ஆட்டுதல் முதலிய வெறும் வாய்ப்பயிற்சிகளும் சொல்லைத் தருவதில்லை. சொல்லைப் பழகாமல் சொல் வராது.

சொல் வரும்வரை பிள்ளை ஊமையாய் இருக்க வேண்டியதில்லை. கைச்சைகை, படங்கள் ஒட்டிய ஒரு கொப்பி, கைத்தொலைபேசியில் தொட்டால் ஒலிக்கும் படம் இவற்றில் எதனாலும் தன் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். படத்தைக் காட்டப் பழகினால் பேச்சு வராமற் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம்மவருக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பிறந்த பிள்ளை கதைக்கத் தடுமாறினால், இரண்டு மொழி கேட்டதனால்தான் இந்த வினை என்று தமிழைக் கைவிடும் வீடுகள் உண்டு. இரு மொழி கேட்பது இக்குறையை உண்டாக்குவதில்லை. தமிழை நிறுத்தினால், ஏற்கெனவே சொல்லுக்கு ஏங்கும் பிள்ளைக்கு ஊரிலுள்ள ஆச்சியும் இல்லாமற் போவாள், அவ்வளவே.

முதியோருக்கு வேண்டுவது அவகாசம். கேள்வியைச் சுருக்கிக் கேளுங்கள், விடைக்குக் காத்திருங்கள், அவர் தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்துவிடாதீர்கள். வாய் திடீரெனக் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு மாறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அடைபட்ட குழாயைத் திறக்கும் மருந்துக்கு முதல் நாலரை மணித்தியாலமே காலம்.

நம் முன்னுள்ள பணி

இலங்கையில் பேச்சுச் சிகிச்சைக் கல்வி இளமையானது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையில் 2008ஆம் ஆண்டில் இதனைப் பட்டப்படிப்பாகத் தொடங்கிற்று. தமிழிற் பணிபுரியக்கூடியவர் தொகை தேவையிலும் மிகக் குறைவு. ஆட்பற்றாக்குறையோடு நூற்பற்றாக்குறையும் சேர்ந்திருக்கின்றது. ஆங்கிலப் பிள்ளைக்கு எந்தச் சொல்லிற் தொடங்குவது, எதற்குப்பின் எது என்றெல்லாம் வகுத்த பட்டியல்கள் உண்டு. அவற்றை மொழிபெயர்த்தால் பயனில்லை. சொல்லின் பொருள் பெயரும், ஒலி பெயருமா? குறிலும் நெடிலும், ஒற்றும் இரட்டிப்பும், ல, ள, ழ என்னும் மூன்றும் எவ்வரிசையில் பழக்கத் தக்கவை என்பதைத் தமிழ்ப் பிள்ளையின் வாயிலிருந்தே அறிய வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேண்டிய 'கதை', 'பிலாப்பழம்', 'அம்மம்மா' என்பன வேறோர் ஊர்ப் பட்டியலில் இரா.

இத்தகைய பணி இம்மண்ணுக்குப் புதியதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடி, 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களை மாணவருடன் சேர்ந்து ஆக்கினார். உடலின் உறுப்புகளுக்குப் பெயர் தந்த மண், உறுப்பெல்லாம் இருந்தும் சொல் வராத பிள்ளைக்கு ஒரு சொற்பட்டியல் ஆக்க இயலாதா? தமிழாசிரியரும், பேச்சுச் சிகிச்சையாளரும், குழந்தை நல வைத்தியரும் ஓரிடத்தில் அமர்ந்தால் ஆகக்கூடிய காரியம் அது.

அதுவரை தாய்மார் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வயதாகியும் பிள்ளையின் பேச்சு வீட்டாருக்கே விளங்கவில்லையாயின், குழந்தை நல வைத்தியரிடம் காட்டிச் செவியைச் சோதிப்பித்து, பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பாடசாலையிற் சேர்க்கும்போது ஆசிரியருக்கு, "இவனுக்கு விளங்கும், சொல்லத்தான் நேரம் எடுக்கும்" என்று சொல்லி வையுங்கள். இல்லையேல் பின்வாங்கில் மந்தனென்று இருத்தப்படுவான். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலும் இப்பிள்ளைகளுக்குத் துணை தேவைப்படலாம்.

ஏடு தொடக்கிய அந்தப் பாலகனிடம் திரும்புவோம். அடுத்த விசயதசமிக்குள் அவன் பேச்சு முழுதாய்த் திருந்திவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். சிலருக்குப் பல வருடம் செல்லும், சிலருக்குச் சிறு தடுமாற்றம் என்றும் நிற்கும். ஆனால் அன்று அவன் வாயிற் பிறந்த அந்த முதல் அகரம் தற்செயலன்று. பிடிவாதத்தால் மறைந்ததும் அன்று. வழியைத் தேடி ஒருமுறை கண்டுபிடித்தான், மறுமுறை தவறவிட்டான். அதே வழியில் அவனோடு நூறு முறை, ஆயிரம் முறை கூட நடக்க ஒருவர் வேண்டும். அவ்வளவே அவன் தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டது.